முத்துநகரில் அரை நாள்!

புதுக்கோட்டை என்றதும் உங்களுக்குத் தொண்டைமான் ராஜாவும் அம்மன் காசும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப் போகிற புதுக்கோட்டை வேறு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில், ஊர் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. கண்டக்டர், "புதுக்கோட்டை எல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுத்ததும், என் பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரர் பதறியடித்து எழுந்தார்.

"ஐயையோ! திருச்சி பக்கமா வந்துட்டோம்?"

"பதறாதீங்க சார். இது எங்க புதுக்கோட்டை. தூத்துக்குடிக்கு இன்னும் அரை மணி நேரம்!" என்றார் கண்டக்டர். தினமும் நாலு பேருக்காவது இந்த சமாதானத்தைச் சொல்கிறவர் போலிருக்கிறது. குரலில் அப்படி ஒரு சலிப்பு.

வெளிநாடுகளில் சொகுசுக் கப்பலில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆறேழு மணி நேரம்தான் கிடைக்கும். தென் அமெரிக்காவில் கார்த்தகேனா என்று ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது. (கொலம்பியா நாட்டில். கொழும்பு அல்ல!) கப்பலை விட்டு இறங்குவார்கள். ஸ்பெயின்காரன் கட்டிய கோட்டைச் சுவரைப் பார்ப்பார்கள். ஒரு தொப்பி வாங்குவார்கள். கப்பல் ஊதுவதற்குள் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். அதே கணக்கில் தூத்துக்குடியை அரை நாளில் பார்த்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. கப்பலுக்குப் பதில் டவுன் பஸ். தொப்பிக்குப் பதில் தலையில் ஈரத் துண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ பிடித்தேன்.

"எங்க போவணும் அண்ணாச்சி?"

"முத்து பார்க்கணும்."

டிரைவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முத்துன்னு பேரு வச்ச பயலுவ தெருவுக்குப் பத்துப் பேரு இருக்கானுவ. சென்னைக்குப் போற ரயிலு பேரு முத்துநகர் எக்ஸ்பிரஸ். பீச்சுக்குப் பேரு முத்துநகர் பீச். கடல்லதான் அண்ணாச்சி முத்து இல்ல!"

உண்மைதான். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். 'சலாபம்' என்பது முத்துக்குளிப்புக்கு இந்தக் கரையின் பழைய பெயர். 1955-ல் தொடங்கி வரிசையாகச் சில வருஷம் நடந்தது. 61-க்குப் பிறகு இல்லை. 'முத்துநகர்' என்ற பட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஓர் இரண்டாயிரம் வருஷக் கதை உண்டு.

கைதியும் கடலும்

தூத்துக்குடிக்கு முன்னால் இந்தப் பக்கத்தின் ராஜா துறைமுகம் கொற்கை. பாண்டியர்களுடையது. சங்கப் பாட்டுகளில் கொற்கை முத்துக்குத் தனி மரியாதை. இன்று அங்கே போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைச் சில மைல் கிழக்கே தள்ளிவிட்டது. கொற்கை இப்போது வயலும் குளமுமாக அமைதியாக இருக்கிற ஒரு கிராமம். அப்புறம் பழையகாயல் வந்தது. அதையும் ஆறு விடவில்லை. கடைசியில்தான் தூத்துக்குடியின் முறை.

சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்க மாலுமி, 'பெரிப்ளூஸ்' என்று கடல் வழிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதில் கொற்கை வருகிறது. அங்கே முத்தெடுக்கக் கடலில் இறக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? தண்டனைக் கைதிகள்! ராணி கழுத்தில் தொங்கிய மாலையில் எத்தனை கைதிகளின் மூச்சு அடங்கியிருக்கிறதோ.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தார் மார்க்கோ போலோ. அவர் கணக்கு வழக்கில் கெட்டி. முத்து வியாபாரிகள் ராஜாவுக்குக் கொடுக்கிற பங்கு பத்தில் ஒன்று. சுறா மீனை மந்திரத்தால் கட்டிப் போடுகிறவருக்கு இருபதில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார். இந்த மந்திரவாதிகளுக்குப் பின்னாளில் 'கடல்கட்டி' என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்திலும் இந்த உத்தியோகம் இருந்தது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத துரைமார்கள்கூட, கடல்கட்டி வராவிட்டால் ஒருத்தனும் தண்ணீரில் இறங்கமாட்டான் என்பதால் வாயை மூடிக்கொண்டு சம்பளம் கொடுத்தார்கள். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, சர்க்கார் கட்டுப்பட்டது!

முத்துக்குளிப்பவரின் முதலீடு இரண்டுதான்: ஒரு கல், ஒரு கயிறு. கயிற்றில் கட்டிய கல்லில் காலை மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தால், கல் அவரைக் கடலடிக்குக் கொண்டுபோகும். 'பார்' என்று சொல்லப்படும் பாறைத் திட்டுகளில்தான் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம், அதிகம் போனால் கொஞ்சம் கூட. அதற்குள் கையில் அகப்பட்டதை வலைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு, கயிற்றை ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார். இப்படி ஒரு நாளில் பல முறை.

மேலே கயிறு பிடிக்கிறவர் யார்? பெண்டாட்டியின் தம்பியைத்தான் நிறுத்துவார்களாம்! "அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா? தூங்கமாட்டான்!" என்று விளக்கம் சொன்னார் ஆட்டோக்காரர். மைத்துனன்மேல் அந்த அளவு நம்பிக்கை வைத்த ஊர், தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிடித்த சிப்பியில் பங்கு? வெள்ளைக்காரன் காலத்தில் மூன்றில் இரண்டு சர்க்காருக்கு. மூழ்கியவர்களுக்கு மூன்றில் ஒன்று. சிப்பியைத் திறக்காமல் அப்படியே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் எடுத்தவனின் தலையெழுத்து. எடுத்த பிறகு அழுகவிட்டு, நாற்றம் குடலைப் பிடுங்க, கழுவிக் கழுவித் தேட வேண்டும். லாட்டரிச் சீட்டுக்குத் தாத்தா இந்தச் சிப்பி ஏலம்தான்.

அந்த ஊர் அழிந்தது, இந்த ஊர் பிழைத்தது

தென் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேனே, காரணமாகத்தான் சொன்னேன். கார்த்தகேனாவுக்குக் கிழக்கே, வெனிசுலா நாட்டை ஒட்டி, குபாகுவா என்று ஒரு சின்னத் தீவு. குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் சுற்றிலும் முத்துச் சிப்பி. 1500-களின் தொடக்கத்தில் ஸ்பெயின்காரர்கள் அங்கே 'நுவேவா காதிஸ்' என்று ஒரு பட்டணமே கட்டினார்கள். அந்த நாட்டுப் பூர்வகுடிகளை அடிமைகளாகப் பிடித்து வந்து ஓயாமல் மூழ்க வைத்தார்கள். மனிதர்கள் செத்தார்கள். சிப்பியும் தீர்ந்தது. 1540-கள் முடிவதற்குள் பட்டணம் காலி. இன்றைக்கு அங்கே மிச்சம் வெறும் கல் அஸ்திவாரம்.

அதே 1530-களில்தான் இங்கே போர்ச்சுகீசியர் காலூன்றினார்கள். சலாபத் தகராறில் அவர்களுடைய உதவியை நாடிய பரதவர்கள், கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1658-ல் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர் வந்தார்கள். 1825-ல் டச்சுக்காரரும் ஒரேயடியாக மூட்டை கட்ட, ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. மூன்று கொடி மாறியது. மூன்று பேருக்கும் முத்து மேல்தான் கண். ஆனால் குபாகுவா மாதிரி தூத்துக்குடி அழிந்துவிடவில்லை. முத்து இல்லாத வருஷங்களில் சங்கு எடுத்தது. அப்புறம் பஞ்சு ஏற்றியது. உப்பு விளைவித்தது. இன்றும் உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதற்கு முக்கியக் காரணம் இந்த ஊர்தான். திருச்செந்தூர் ரோட்டில் போனால், வெயிலில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் கண்ணைக் கூசும்.

கடற்கரைச் சாலையில் பனிமய மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டார் ஆட்டோக்காரர். 1713-ல் கட்டிய கோயில். 1982-ல் போப்பாண்டவர் இதைப் பசிலிக்கா ஆக்கினார். உள்ளே இருக்கிற மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்கிறார்கள். பனியையே பார்த்திராத ஊருக்குப் பனிமய மாதா! ஆனால் நெற்றி வேர்வை வழிய உள்ளே நுழைந்தால், அந்தப் பெயரைக் கேட்பதே கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருக்கிறது. ஜூலை 26-ல் கொடி ஏறி, ஆகஸ்ட் 5-ல் திருவிழா. 1806-ல் பரதவர் குலத் தலைவர் செய்து வைத்த தங்கத் தேர் எல்லா வருஷமும் ஓடாது. விசேஷமான வருஷங்களில் மட்டும்தான். அன்றைக்கு மதம் பார்க்காமல் ஊரே வடம் பிடிக்கும்.

தெருவில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். பெர்னாண்டோ, மச்சாடோ, மோத்தா, கொரைரா, ரொட்ரிகோ. ஏதோ போர்ச்சுகல் புட்பால் டீம் மாதிரி இருக்கும். ஆள் வெளியே வந்து, "என்னலே மக்கா, சாப்ட்டியா?" என்பார்!

இன்னொரு சேதி. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்று ஒரு பாதிரியார் பல வருஷம் வாழ்ந்து, தமிழ் படித்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவிலேயே தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. செலவுக்குக் காசு கொடுத்தது இந்த முத்துக்குளித்துறைப் பரதவர்கள். நீங்கள் இப்போது கையில் வைத்துப் படிக்கிற இந்த அச்சுத் தமிழுக்கு, ஆரம்பத்தில் முதல் போட்டது மூச்சடக்கி சம்பாதித்த காசு.

நடுவில் மக்ரூன். தூத்துக்குடிக்குப் போய் மக்ரூன் வாங்காமல் திரும்பினால் வீட்டில் கதவு திறக்கமாட்டார்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. இவ்வளவுதான் சாமான். கூம்பு மாதிரி இருக்கும். வாயில் போட்டால் போட்டோமா என்றே சந்தேகம் வரும். அதனால் இன்னொன்று போட வேண்டியிருக்கும். இப்படிச் சந்தேகத்தைத் தீர்ப்பதிலேயே எனக்கு ஒரு பாக்கெட் தீர்ந்துவிட்டது.

குடை கொடுத்து ஜெயித்தவன்

பழைய துறைமுகத்துப் பக்கம் போனோம். இங்கே கடல் ஆழம் கம்மி. பெரிய கப்பல்கள் சுமார் ஐந்து மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணியில்தான் சரக்கும் ஆளும் போக வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் வரும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கேதான் கப்பல் ஏறுவார். நல்ல வருமானம். அந்த வருமானம் முழுக்க பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற வெள்ளைக்காரக் கம்பெனிக்கு.

ஒட்டப்பிடாரத்துக்காரரான வக்கீல் சிதம்பரம் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 10 லட்ச ரூபாய் மூலதனம். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர். வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்களை எதிராளிகள் மிரட்டி நிறுத்த, "வாடகையே வேண்டாம், சொந்தமாகவே வாங்குகிறேன்" என்று கிளம்பினார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல் வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது. இவரும் குறைத்தார். அவர்கள் இன்னும் குறைத்தார்கள். கடைசியில், சும்மா வந்து ஏறு, இனாமாக ஒரு குடையும் தருகிறோம் என்ற நிலைக்கு வந்தார்கள்! இன்று செல்போன் கம்பெனிகள் செய்கிற 'ஆஃபர்' எல்லாம் இதன் கொள்ளுப்பேரன்கள்.

குடையால் முடியாததை போலீஸ் முடித்தது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரை மார்ச் 12-ல் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்தாலும், கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-லேயே மூடிவிட்டார்கள். கப்பலும் இல்லை. வக்கீல் தொழிலுக்கான சன்னதும் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 18-ல், இதே தூத்துக்குடியில் கண்ணை மூடினார்.

யோசித்துப் பார்த்தால், இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கரையில் ஒரே ஏற்பாடுதான். மூழ்குகிறவன் ஒருத்தன், பங்கு பிரிக்கிறவன் வேறொருத்தன். 'மூழ்கினால் மட்டும் போதாது, கப்பலும் நம்முடையதாக இருக்க வேண்டும்' என்று அந்தக் கணக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தவர் வ.உ.சி. அதுதான் அவர் செய்த ராஜத் துரோகம்.

ஒரு பொருத்தம் பாருங்கள். கடைசி முத்துச் சலாபம் நடந்த அதே 1961-ல்தான் பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படமும் வந்தது. சிவாஜி கொட்டகையில் செக்கிழுக்க, ஜனங்கள் அழுதார்கள்.

அதற்கப்புறம் 1974-ல் ஊருக்குத் தெற்கே ஆழ்கடல் துறைமுகம், பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்து பெற்றது. 2011-ல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதம், பல காலம் கழித்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் கிளம்பியது. ஊரெல்லாம் சந்தோஷம். நவம்பருக்குள் நின்றுவிட்டது. கட்டுப்படியாகவில்லை. பெயர் வைப்பது சுலபம். கப்பல் விடுவதுதான் கஷ்டம் என்று வ.உ.சி.க்குத் தெரியாதா என்ன?

கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்

சாயங்காலம் திரேஸ்புரம். வல்லங்கள் வரிசையாக நிற்கிற கரை. வலைக் குவியல் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஐயா, நீங்க முத்துக் குளிச்சிருக்கீங்களா?" என்றேன். பதில் இல்லை.

"சத்தமாக் கேளுங்க அண்ணாச்சி. காது மந்தம்" என்றார் ஆட்டோக்காரர்.

கத்தினேன். சிரித்தார். "எங்கப்பா முத்துக் குளிச்சாரு. நான் சங்குக்குளி. சின்னப் பயலா இருக்கயில கல்லக் கட்டிக்கிட்டு எறங்குனது. அப்புறம் கம்ப்ரஸர் வந்துட்டு. குழாய வாயில கவ்விக்கிட்டு எறங்குவோம். ஆழத்துக்குப் போகப் போக காது 'ங்ஙொய்'ங்கும். ஒருநாள் அந்தச் சத்தமும் நின்னுபோச்சு. அவ்வளவுதான்!"

"எடுத்த சங்கெல்லாம் எங்க போகும்?"

"கல்கத்தாவுக்கு. அங்க கல்யாணப் பொண்ணுக்கு சங்கு வளையல் போடணும்லா? நம்ம ஊருல ஒரு பொண்ணும் போடமாட்டா. ஆனா அங்க ஒருத்தி போடலன்னா தாலி கட்டுன மாதிரியே கெடயாதாம்."

"அப்பா எடுத்த முத்து ஏதாச்சும் வீட்டுல வச்சிருக்கீங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படியும் ஒரு கேள்வி கேட்பார்களா என்று இருந்தது. "ஒண்ணே ஒண்ணு எங்கம்மா மூக்குத்தியில இருந்துச்சு. எங்க அக்கா கல்யாணத்துக்கு அதையும் வித்தாச்சு."

இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி, 1973-ல் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். ஆக, முத்து செய்கிற வித்தையும் ஊருக்குத் தெரியும். ஆனால் கடல்தான் பழைய கடலாக இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. அதில் விலாங்குச்சல்லி, தூத்துக்குடி பக்கத்துத் தீவு. சுண்ணாம்புக்காக வருஷக் கணக்கில் பவளப் பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். மண்ணும் நீரும் கெடுகிறதே என்று 2018 மே 22-ல் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஊரைச் சுற்றிக் காட்டியபோது ஆட்டோக்காரர் கலகலவென்று பேசியவர், அந்த ரோட்டைக் கடக்கும்போது மட்டும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய துறைமுகத்தில் தோணி ஒன்று மாலத்தீவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. காய்கறி மூட்டை, கட்டட சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அது கிளம்புவதைப் பார்க்க ஆசைதான். அதற்குள் எனக்கு பஸ்.

தூத்துக்குடிக்கு நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள். மாதா கோயில், பழைய துறைமுகம், மக்ரூன் எல்லாவற்றையும் அரை நாளில் முடித்துவிடலாம். மிச்ச நேரத்தை திரேஸ்புரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வலைப் பக்கத்தில் யாராவது ஒரு பெரியவர் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். பதில் சொல்வார்.